கோப்பியின் வீழ்ச்சியும் வலியறிதலும்

நாவலப்பிட்டியிலிருந்து அட்டனை நோக்கி மலையேறும் இருப்புப்பாதை எதற்காக இடப்பட்டது என்று வினவினால், தேயிலைக்காக என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். உண்மை அதுவன்று. அப்பாதையை வேண்டி அரசினரிடம் ஆண்டுக்கணக்காக மன்றாடியவர்கள் கோப்பித் தோட்டத் துரைமார்கள். கொழும்பிலிருந்து புறப்பட்ட புகைவண்டி 1867ஆம் ஆண்டிலே கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்தது. 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. கோப்பிக்காகக் கேட்கப்பட்ட வண்டி மலையுச்சிக்கு வந்து சேர்ந்த காலத்தில், கோப்பிச் செடிகள் பெரும்பாலும் பட்டுப்போய் விறகாகிக்கொண்டிருந்தன.

இந்த அழிவுக்குக் காரணம் ஓர் இலைநோய் என்று பாடநூல்கள் கூறும். அது சரியான விடையே. ஆயினும் முழுமையான விடையன்று. அந்நோய் இலங்கையிலே கண்டறியப்பட்டது 1869ஆம் ஆண்டில். அதற்கும் அட்டனுக்குப் புகைவண்டி வந்ததற்கும் இடையே 15 ஆண்டுகள் கழிந்தன. இவ்விடைக்காலத்தில் தோட்ட உடைமையாளரும் நிருவாகிகளும் என்ன செய்தனர்? அவர்களுட் பெரும்பாலோர் மேலும் மேலும் காடழித்து மேலும் மேலும் கோப்பியையே நட்டனர். கண்முன்னே இலை உதிர்ந்துகொண்டிருக்க, அதே செடியில் மேலும் பொருளை இட்ட அம்மனப்போக்கு ஆராயத்தக்கது. ஏனெனில், அது கோப்பியோடு மாண்டுபோனதன்று.

திருவள்ளுவர் பொருட்பாலிலே 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஒரு காரியத்தில் இறங்குமுன், அக்காரியத்தின் பளு, தனக்குள்ள ஆற்றல், தன்னை எதிர்ப்பதன் ஆற்றல், தனக்குத் துணைநிற்போரின் ஆற்றல் ஆகிய நான்கையும் சீர்தூக்க வேண்டும் என்பது அங்கே அவர் கூறும் முதற் கருத்து. அரசனை நோக்கிக் கூறப்பட்ட அறிவுரையே எனினும், ஆயிரம் ஏக்கர் நிலத்தையும் ஆயிரம் தொழிலாளரையும் ஆளும் ஒரு தோட்ட முகாமையாளருக்கும் அது முற்றும் பொருந்தும். நிறுவனத்திடம் என்ன வளம் இருக்கிறது, அது எவ்வளவு காலம் நிலைக்கும், எதனை நம்பி எதனைச் செய்யலாம் என்று எடைபோடுவதே அவருடைய தலையாய கடமை. ஆனால், எடைபோடுவது மனம். தராசு கோணலாயின் நிறை எங்ஙனம் நேராகும்?

முதலில் அக்கால நிகழ்ச்சிகளைக் காண்போம். 1869இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றிலே, இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சளும் செம்மையும் கலந்த தூள் போன்ற புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்னும் பூஞ்சணவியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, அது முன்னர் அறியப்படாத ஒரு பூஞ்சணம் என்று கண்டு, 'ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். பின்மொழியாகிய இலத்தீன் சொல்லுக்குப் 'பாழ்படுத்துவது' என்பது பொருள். நோயின் இயல்பு அதன் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது கோப்பி விளைந்த மாவட்டங்கள் அனைத்திலும் பரவிவிட்டது.

அங்ஙனமாயின் துரைமார்கள் அஞ்சாதது ஏன்? அவர்களுடைய கணக்கேடு அவர்களை அஞ்சவிடவில்லை. 1870ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியாயிற்று. அதன்பின் ஏக்கருக்குரிய விளைச்சல் படிப்படியாகக் குறைந்தது. ஆனால், அதே காலத்தில் உலகச் சந்தையிலே கோப்பியின் விலை பாதிக்கு மேல் உயர்ந்தது. விளைச்சல் குறைந்தும் வருமானம் குறையவில்லை. விலையுயர்வு என்னும் திரை, நோய் என்னும் உண்மையை மறைத்து நின்றது. டிக்கோயா, மஸ்கெலியா முதலிய உயர்ந்த பள்ளத்தாக்குகளின் காடுகள் அப்போதுதான் அழிக்கப்பட்டன. நிலத்தின் விலை ஏறிற்று. 1870களின் இறுதியில் கோப்பி நின்ற நிலப்பரப்பு ஏறக்குறைய 2,75,000 ஏக்கர் ஆயிற்று. செடியின் வலிமை குன்றக் குன்ற, அதன்மேல் வைத்த நம்பிக்கை வளர்ந்தது.

மனிதமனம் இவ்வாறு தடுமாறுவது தற்செயலன்று என்று பிற்கால உளவியல் அறிஞர் மெய்ப்பித்துள்ளனர். டேனியல் கானமன், ஏமொஸ் டிவேர்ஸ்கி என்னும் இருவர் 1974ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனை. அதில் வரும் சோதனையொன்று எளியது. எண்கள் எழுதிய சக்கரமொன்று சுழற்றப்பட்டது. சிலருக்கு அது 10இல் நின்றது; வேறு சிலருக்கு 65இல் நின்றது. பின்னர், ஐக்கிய நாடுகள் சபையில் ஆபிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று அவர்களைக் கேட்டனர். சக்கரத்துக்கும் வினாவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனினும், 10ஐக் கண்டவர்களின் நடுத்தர மதிப்பு 25. 65ஐக் கண்டவர்களுடையது 45. முதலிற் கண்ட எண் நங்கூரம்போல் மனத்தைப் பிணித்துக்கொள்கிறது. பின்வரும் மதிப்பெல்லாம் அதைச் சுற்றியே ஊசலாடுகிறது. பொருளற்ற ஓர் எண்ணுக்கே இத்துணை ஆற்றல் உண்டெனின், ஒரு தோட்டத்தின் மிகச்சிறந்த ஆண்டு விளைச்சல், அத்தோட்டத்து நிருவாகியின் மனத்தை எவ்வளவு இறுகப் பிணிக்கும்! குறைந்த விளைச்சலெல்லாம் அவருக்குத் தற்காலிகமாகவே தோன்றும். நிறைந்த ஆண்டு ஒன்றே இயல்பானதாகத் தோன்றும்.

மற்றொரு தடுமாற்றம் உடைமைப் பற்றினால் வருவது. கானமனும் வேறிருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலருக்குக் கோப்பி அருந்தும் குவளைகள் கொடுக்கப்பட்டன. அவற்றை விற்க வேண்டுமாயின் என்ன விலை கேட்பீர் என்று அவர்களையும், வாங்க வேண்டுமாயின் என்ன விலை கொடுப்பீர் என்று குவளை பெறாதவர்களையும் வினவினர். கையிற் குவளை உடையோர் கேட்ட விலை, மற்றோர் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. சில நிமிடங்களுக்கு முன் கைக்கு வந்த குவளைக்கே இப்பற்று. பத்தாண்டு, இருபதாண்டு பாடுபட்டு, கடன்பட்டு, காடழித்து வளர்த்த கோப்பி மலைக்கு என்ன பற்று இருக்கும் என்று கூறவேண்டுவதில்லை. இதனோடு, இட்ட முதலை வீணாக்கலாகாது என்னும் எண்ணமும் சேர்கிறது. இட்ட பொருள் இட்டதுதான், அது மீளாது. இனிமேல் இடப்போகும் ஒரு ரூபாய் பயன் தருமா என்பதே அறிவின் வினா. மனமோ, முன்பு இட்ட ஆயிரத்தைக் காப்பாற்றுவதற்காக மற்றோர் ஆயிரத்தை இடு என்று தூண்டுகிறது. இவ்வகைப் பிழையை ஆர்க்ஸ், புளூமர் என்போர் 1985இல் சோதனைகள் வாயிலாக விளக்கியுள்ளனர்.

இவையிரண்டும் தன்வலியை மிகைப்படுத்தும் பிழைகள். எதிரியின் வலியைக் குறைத்து மதிப்பிடும் பிழையும் உண்டு. இலைநோய் கண்ட கோப்பிச் செடி உடனே சாவதில்லை. இலைகளை உதிர்க்கும், மழை கண்டதும் மீண்டும் தளிர்க்கும். அத்தளிரைக் கண்டவர், நோய் நீங்கிவிட்டது என்று மகிழ்ந்தனர். உண்மையில் ஒவ்வொரு தளிர்ப்பும் செடியின் சேமிப்பைத் தின்றுகொண்டிருந்தது. உரமிட்டால் நோய் போகும் என்று சிலர் கருதி உரமிட்டனர். கந்தகமும் சுண்ணாம்பும் தூவினர். லைபீரியக் கோப்பி என்னும் வேறினத்தையும் நட்டுப் பார்த்தனர். தாம் விரும்பிய முடிவுக்குச் சான்றாவனவற்றை மட்டும் மனம் தேடிப் பொறுக்கிக்கொள்ளும் இயல்பினது. விரும்பாத சான்று எதிரே வந்து நின்றாலும், அது விதிவிலக்கு என்று தள்ளிவிடும்.

அத்தகைய விரும்பாத சான்றை எடுத்துவந்தவர் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலறிஞர். 1880 முதல் 1882 வரை அவர் இலங்கையில் தங்கி ஆராய்ந்தார். ஒட்டும்படி செய்த கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் நோயின் நுண்வித்துக்களைப் பிடித்துக் காட்டினார். அவ்வித்துக்கள் இலையின் ஈரத்தில் முளைத்து, அடிப்புறத்து நுண்துளைகள் வழியே உட்புகுவதை விளக்கினார். மலைக்கு மலை, இடைவெளியின்றி ஒரே செடியை நட்டதே நோய் இவ்வளவு விரைவிற் பரவ வழிசெய்தது என்று அறிவித்தார். உண்மை கண்டறியப்பட்டது, மருந்து மட்டும் கண்டறியப்படவில்லை. துரைமார்களுக்கு வேண்டியிருந்ததோ மருந்து. தாம் பெருஞ்செல்வமாகக் கருதிய அந்த இடையறாத கோப்பிப் பரப்பே தம் பெருங்குறை என்னும் செய்தி, கேட்பதற்கு இனியதாக இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நடந்து முடிந்தபின் எல்லாம் முன்னரே தெளிவாயிருந்ததுபோல் தோன்றுவதும் மனத்தின் பிழைகளுள் ஒன்றே. அக்காலத்துத் துரைமார்கள் அனைவரும் அறிவிலிகள் என்று தீர்ப்புக் கூறுதல் நீதியன்று. 1847ஆம் ஆண்டளவில் கோப்பி விலை சரிந்து பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. ஆயினும் அடுத்த பத்தாண்டில் கோப்பி மீண்டும் எழுந்தது. ஒருமுறை மீண்டது மறுமுறையும் மீளும் என்று நம்ப அவர்களுக்கு அனுபவத்தின் சான்று இருந்தது. விலை சரிவதும் செடி சாவதும் ஒன்றல்ல என்பதே அவர்கள் பிரித்தறியாத நுட்பம். அன்றியும், கடன் கொடுத்த வங்கிகள் கேட்டது அடுத்த அறுவடையை. அடுத்த தலைமுறையை அல்ல.

அந்த அறுவடையும் வரவில்லை. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி தன் கதவுகளை மூடிற்று. அதன் நாணயத்தாள்கள் நாடெங்கும் வழங்கிவந்தமையால், தேசாதிபதி ஆர்தர் கோடன் அவற்றுக்கு அரசாங்கப் பொறுப்பளித்துப் பெருங்குழப்பத்தைத் தவிர்த்தார். நாணயத்தாளுக்குப் பொறுப்பேற்க அரசாங்கம் இருந்தது. மாதக்கணக்கிற் சம்பளம் பாக்கியாய் நின்ற கூலித் தொழிலாளிக்கோ பொறுப்பேற்க எவருமில்லை. தவறாக எடைபோட்டவர் ஒருவர். அதன் பளுவைச் சுமந்தவர் மற்றொருவர். ஆகையால், முகாமையாளரின் மனப்பிழையை அவர் சொந்த விவகாரம் என்று விட்டுவிடலாகாது.

கோப்பியைக் கைவிட்டவர்களும் உடனே நல்வழி கண்டாரல்லர். பலர் சிங்கோனாவை நோக்கி ஓடினர். கொயினா மருந்து தரும் அம்மரப்பட்டை அப்போது நல்ல விலை போயிற்று. ஒருவர் நட்டதைக் கண்டு அடுத்தவர் நட்டார். அவரைக் கண்டு பத்துப் பேர் நட்டனர். அனைவருடைய பட்டையும் ஒருசேரச் சந்தைக்கு வந்தபோது விலை வீழ்ந்தது. பழையதைப் பற்றி நிற்பது ஒரு பிழையாயின், கூட்டத்தோடு புதியதை நோக்கி ஓடுவது மற்றொரு பிழை. பின்னதிலும் எடைபோடும் வேலையை எவரும் செய்வதில்லை; பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்பிவிடுகின்றனர்.

இவ்விரு பிழைகளுக்கும் இடையே அமைதியாக ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. கண்டிக்குத் தெற்கே, ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலையை நட்டிருந்தார். கோப்பி நோய் கண்டறியப்படுவதற்கு ஈராண்டு முன்னர் இது நிகழ்ந்தது. தம் பங்களாவின் விறாந்தையிலே கொழுந்தைக் கையாற் சுருட்டிப் பக்குவம் செய்து பழகினார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை அங்கிருந்து இலண்டனுக்குச் சென்றது. சிறிய அளவு, ஆயினும் அதனுள் பெரிய வளம் ஒன்று இருந்தது. இம்மலையில் தேயிலை விளையும், இம்மக்களின் கைகளால் அதனைப் பக்குவம் செய்ய முடியும் என்ற அறிவே அது. கோப்பி வீழ்ந்தபோது நாட்டைக் காத்தது அந்த அறிவு. 1875இல் ஏறக்குறைய 1,000 ஏக்கராயிருந்த தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் 3 லட்சம் ஏக்கரைக் கடந்தது. எனினும், அவ்வறிவைப் பெற்றிருந்த மனிதரையே அவருடைய நிறுவனம் இறுதியிற் பணியிலிருந்து விலகுமாறு கேட்டது. 1892இல் அவர் காலமானார். கையிலிருந்த வளத்தை வளமென்று அறியாமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வள்ளுவர் கூறிய நான்கனுள் எஞ்சியிருப்பது துணைவலி. தோட்ட வரலாற்றில் மிகக் குறைத்து மதிக்கப்பட்டது இதுவே. கோப்பிக் காலத்திலே தமிழகத்து மக்கள் மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்து, காய்ப் பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களிலே நிலையாகக் குடியமர்ந்தன. அவர்களுடைய எண்ணிக்கை ஒருபோதும் குறையாது என்னும் எண்ணம் நிருவாகத்தின் மனத்திலே நங்கூரமிட்டது. 1939இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்தது. 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எந்தப் பதத்திற் கிள்ளப்படவேண்டும் என்று விரல்நுனியில் அறிந்த பல்லாயிரவர் கப்பலேறினர். கணக்கியல் முறைப்படி தொழிலாளரின் திறன் ஐந்தொகையிலே சொத்தாக எழுதப்படுவதில்லை. சம்பளம் மட்டும் செலவாக எழுதப்படும். எழுதப்படாத சொத்து இழக்கப்பட்டபோது, இழப்பும் எழுதப்படவில்லை.

அந்தக் கணக்கு முறை இன்றும் மாறவில்லை. 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட பெருந்தோட்டங்களின் நிருவாகம் 1992 முதல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டது. நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பகுதி மலைகள் பலவற்றில், முன்னோர் நட்ட பழைய விதைத்தேயிலை இன்னும் நிற்கிறது. அதனைப் பிடுங்கி, மண்ணைத் தேற்றுவதற்குப் புல் வளர்த்து, புதுக்கன்று நட்டு, முழு வருமானம் காண்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். இழப்பு இன்று கண்கூடு, ஆதாயம் நாளைக்குரியது. சமமான ஆதாயம் தரும் மகிழ்ச்சியினும் இழப்பு தரும் துன்பமே மனத்திற் பெரிது என்று கானமனும் டிவேர்ஸ்கியும் 1979இல் காட்டினர். எனவே, இவ்வாண்டும் பழைய மலையிலேயே கொழுந்தெடுப்போம் என்று முடிவாகிறது. மழை அரித்துச் செல்லும் மேல்மண்ணும், கொழும்புக் கடைக்கு வேலைதேடிச் செல்லும் இளைஞனும் மாத அறிக்கையில் இடம்பெறுவதில்லை. இன்றைய விளைச்சல் இறாத்தல் இறாத்தலாக எண்ணப்படுகிறது. அதனைத் தருகின்ற மண்ணும் மக்களும் எண்ணப்படுவதில்லை.

இதற்குப் பரிகாரம் உண்டா? மனத்தின் இயல்பை மாற்றுதல் அரிது. ஆனால், அதனைக் காவல்செய்யும் வழக்கங்களை ஏற்படுத்தலாம். கோப்பியின் வரலாறே அவற்றைக் கற்பிக்கிறது. முதலாவது, விலையை ஒரு பத்தியிலும் ஏக்கர் விளைச்சலை மற்றொரு பத்தியிலும் பிரித்து எழுதுக. ஒன்றன் நிழலில் மற்றொன்று மறையலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு மலையைப் பற்றியும், இந்நிலம் இன்று வெறுமையாய்க் கிடந்தால் இதே செடியை மீண்டும் நடுவோமா என்று வினவுக. இல்லை என்பது விடையாயின், இட்ட முதலை நினைந்து ஏங்குவதிற் பயனில்லை. மூன்றாவது, எல்லாம் நன்றாக நடக்கும் காலத்திலேயே 19 ஏக்கர் அளவிலாவது புதுமுயற்சிக்கு இடம் ஒதுக்குக. நான்காவது, தீய செய்தி கொண்டுவருவோரைப் போற்றுக. இலையின் அடிப்புறத்தை நாள்தோறும் காண்பவர் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் அல்லர். கூடையோடு நிரையிலே நிற்கும் பெண்களே. பெரட்டுக்களத்திலே பேர் பதியும் நேரத்தில், உன் மலையில் என்ன கண்டாய் என்று அவர்களை ஒருவர் கேட்டு, விடையைக் குறித்துக்கொள்வாராயின், அத்தோட்டம் ஆய்வாளர் வருகைக்காகப் பதினோர் ஆண்டு காத்திருக்க நேராது.

தேயிலை இம்மலைகளுக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கோப்பி நின்ற காலம் அதிற் பாதியும் இல்லை. நெடுநாள் நின்றது என்றும் நிற்கும் என்று எண்ணுவது, பழைய துரைமார்கள் எண்ணிய எண்ணமே. தேயிலை நிலைக்கலாம்; நிலைக்க வேண்டும் என்பதே அதனை நம்பி வாழும் மக்களின் விருப்பம். அது நிலைப்பது, அதன் வலிமையை ஆண்டுதோறும் பற்றின்றியும் அச்சமின்றியும் சீர்தூக்கிப் பார்ப்பவர்களின் கையிலேயே உள்ளது. அவ்வாறு தூக்கும்போது, தராசின் ஒரு தட்டிலே செடியும் மண்ணும் மட்டுமன்றி, கொழுந்தெடுக்கும் கைகளும் வைக்கப்படுதல் வேண்டும்.